குன்னூருக்கு வந்த கிறுக்கல் தாத்தா: எட்வர்ட் லியர் பற்றி யாருக்காவது தெரியுமா?

சிரிப்பான் · ஞாயிறு காலை 8.15

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து எழுதுகிறேன். என் மகள் நாலாம் வகுப்பு. ‘உனக்குப் பிடித்த சிறுவர் எழுத்தாளர் பற்றி ஒரு பக்கம் எழுது, அவரே படமும் வரைந்தவராக இருக்க வேண்டும்’ என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். ஆந்தையும் பூனையும் பட்டாணிப் பச்சைப் படகில் ஏறிப் போகிற அந்த ஆங்கிலப் பாட்டு இவளுக்கு மனப்பாடம். அதை எழுதினவரைத்தான் எழுதுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

நேற்று மேல் வீட்டு மாமா ஒரு குண்டைப் போட்டார். “அந்த ஆள் நம்ம குன்னூருக்கே வந்திருக்காரும்மா, அந்தப் பாட்டையே இங்க உக்காந்துதான் எழுதினார்” என்றார். மகள் அதை அப்படியே எழுதப் போகிறாள். நிஜமா? செவ்வாய்க்கிழமைக்குள் தெரிய வேண்டும்.

மலைரயில் · ஞாயிறு காலை 8.31

மேல் வீட்டு மாமாக்கள் சொன்னால் எல்லாம் நிஜம். எங்கள் மேல் வீட்டு மாமா நேருவுக்கு வர்க்கி கொடுத்தவர்.

நூலகத்தூசி · ஞாயிறு காலை 10.02

மாமா சொன்னதில் பாதி சரி அம்மா. வந்தது உண்மை. பாட்டு இங்கே எழுதினது இல்லை.

ஆந்தை பூனைப் பாட்டை லியர் 1867 டிசம்பரில் ஒரு நண்பரின் சின்ன மகளுக்காக எழுதினார். பிரான்சில், கடற்கரை ஊரில். இந்தியாவுக்கு வந்தது ஆறு வருடம் கழித்து. அப்போது வைஸ்ராயாக இருந்த நார்த்புரூக் பிரபு அவருக்குப் பழைய நண்பர். வழிச்செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படம் வரைந்து கொடு என்கிற மாதிரி ஏற்பாடு. 1872இல் ஒருமுறை கிளம்பி சூயஸ் வரை வந்து, மனசு மாறித் திரும்பிவிட்டார். மறுபடி கிளம்பி 1873 நவம்பர் 22இல் பம்பாயில் இறங்கினார். வயது 61. கண் சரியில்லை, ஆஸ்துமா வேறு. அந்த உடம்போடு காசி, கல்கத்தா, டார்ஜிலிங், சிம்லா, டெல்லி, ஹைதராபாத் என்று சுற்றிவிட்டு, 1874இன் பிற்பகுதியில் தெற்கே வந்தார். சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர், அப்புறம் நம் மலை. குன்னூரும் ஊட்டியும் அவர் வரைந்த இடங்கள். இங்கிருந்து இறங்கி மலபார்க் கரை, அங்கிருந்து இலங்கை. 1875 ஜனவரியில் ஊர் திரும்பினார்.

ஆகவே கட்டுரையில் ‘வந்தார், வரைந்தார்’ என்று தைரியமாக எழுதலாம். ‘பாட்டு எழுதினார்’ வேண்டாம்.

சிரிப்பான் · ஞாயிறு காலை 10.20

ரொம்ப நன்றி ஐயா. மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “அப்ப குன்னூர்ல ஒரு பாட்டுகூட எழுதலையா?” என்று கேட்கிறாள்.

நூலகத்தூசி · ஞாயிறு காலை 10.48

இந்தியப் பயணத்தில் ஒரு பாட்டு பிரபலமானது. பெயர் ‘கம்மர்பந்த்’. 1874 ஜூலையில் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தது. நம் மலைக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால். வெள்ளைக்காரர் வீடுகளில் புழங்கின இந்தியச் சொற்களை எல்லாம் எடுத்து, அர்த்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினது. அதில் ஒரு அம்மாள் தோபி (துணி வெளுப்பவர்) மேல் உட்கார்ந்து மாலை நட்சத்திரத்தைப் பார்க்கிறாள். வழியாகப் போகிற பங்காக்கள் (கூரை விசிறிகள்) அவள் அழகைப் புகழ்கின்றன. கடைசியில் கம்மர்பந்த் என்ற கொடிய மிருகம் வந்து அவளை முழுங்கிவிடுகிறது.

பட்லர்_பேரன் · ஞாயிறு மதியம் 12.15

ஐயா, சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எங்கள் தாத்தா ஊட்டியில் ஒரு பங்களாவில் முப்பது வருடம் பட்லர். பெரிய விருந்து என்றால் வெள்ளைக் கோட்டுக்கு மேல் இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு பரிமாறுவார். அதுதான் கம்மர்பந்த். அது இன்னும் வீட்டில் இருக்கிறது, அந்துப்பூச்சி அரித்தது போக மிச்சம். அது ஆளை முழுங்கும் என்று தெரிந்திருந்தால் தாத்தா சம்பளம் கூடக் கேட்டிருப்பார்.

இன்னொன்று. பட்லர் இங்கிலீஷ் என்று நம்மைத்தான் காலம் பூராவும் கிண்டல் செய்தார்கள். தாத்தா “மாஸ்டர் கம், பிரேக்ஃபாஸ்ட் ரெடி” என்றால் துரைகள் வீட்டில் நாலு தலைமுறைக்கு ஜோக். இந்த மனுஷன் ஒருத்தராவது துரைமார் பேசின இந்துஸ்தானியைத் தலைகீழாக்கி அவர்களுக்கே விற்றிருக்கிறாரே. எனக்குப் பிடித்துவிட்டது.

எடப்பள்ளி_72 · ஞாயிறு மதியம் 1.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வைஸ்ராய் காசில் ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு இத்தனை ஆரவாரம் எதற்கு? மலையைப் பார்த்தார், வரைந்தார், போனார். மேட்டுப்பாளையம் வரைதான் அப்போது ரயில், அதுவும் 1873இல் வந்தது. குன்னூருக்கு மலை ரயில் 1899, ஊட்டிக்கு 1908. அப்படியென்றால் கல்லாறு தாண்டி மேலே வருகிறவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் யார் தூக்கினார்கள்? குதிரைக்காரன், மாட்டுவண்டிக்காரன், கூலி. அவர்களில் ஒருத்தர் பெயராவது எங்கேயாவது இருக்கிறதா?

நம் பிள்ளைகளுக்கு வாண்டுமாமா இல்லையா, அழ. வள்ளியப்பா இல்லையா?

சிரிப்பான் · ஞாயிறு மதியம் 1.55

இருக்கிறார்கள் அண்ணா. வாண்டுமாமா அவள் அப்பாவுக்கே பிடித்தமானவர். ஆனால் நாலாம் வகுப்புக் குழந்தையிடம் ‘உனக்குப் பிடித்தவர் யார்’ என்று கேட்டுவிட்டு, பதிலை நாம் எப்படிச் சொல்வது?

எடப்பள்ளி_72 · ஞாயிறு மதியம் 2.03

அதுவும் நியாயம்தான். சரி.

நூலகத்தூசி · ஞாயிறு மாலை 4.30

எடப்பள்ளிக்காரர் கேட்டது நல்ல கேள்வி. மலை ஏற்றினவர்கள் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை, ஆனால் லியரோடு கூடவே வந்த வேலைக்காரர் பெயர் தெரியும். ஜார்ஜோ கோகாலி. சூலி என்ற மலைநாட்டு வம்சம், குடும்பம் கோர்ஃபு தீவில். 1856இல் லியரிடம் சேர்ந்தார், 1883இல் சாகும்வரை இருந்தார். சமையல், மூட்டை, வழித்துணை, எல்லாம் அவர்தான். லியர் அவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். இலங்கைக்குப் போனபோது ஜார்ஜோவுக்குச் சீதபேதி வந்து உயிர் பிழைத்ததே பெரிது என்று ஆயிற்று. துரை உட்கார்ந்து வேலைக்காரனுக்குப் பணிவிடை செய்தார். இத்தாலியில் லியர் கல்லறைக்குப் பக்கத்திலேயே ஜார்ஜோவுக்கும் நினைவுக்கல் நிற்கிறது.

இதே ஜார்ஜோதான் லியரின் பூனையின் வாலை வெட்டியவர். பூனை பெயர் ஃபாஸ். வாலை வெட்டிவிட்டால் பூனை வீட்டைவிட்டு ஓடாது என்று அவர் ஊர் நம்பிக்கை. அந்த அரைவால் பூனையை லியர் நூறு விதமாக வரைந்திருக்கிறார். குண்டாக, கோடு போட்டு, மூஞ்சியில் நிரந்தரக் கோபத்தோடு. பூனை 1887இல் செத்தது. லியர் தோட்டத்திலேயே புதைத்தார். இரண்டு மாதம்தான், 1888 ஜனவரி 29இல் அவரும் போய்விட்டார்.

மலைரயில் · ஞாயிறு மாலை 4.41

வாலை வெட்டினால் ஓடாதா? எங்கள் வீட்டுப் பூனைக்கு முழு வால் இருக்கிறது, அடுப்பு மேடையைவிட்டு நகர்வதில்லை.

வெலிங்டன்_வாத்தியார் · ஞாயிறு இரவு 7.50

முப்பத்தோரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாரும் பாட்டைப் பேசுகிறீர்கள், அவர் கையைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

லியர் 1812இல் லண்டன் பக்கம் பிறந்தவர். 21 பிள்ளைகளில் 20ஆவது. அப்பாவுக்குப் பங்குச் சந்தையில் அடி விழுந்து வீடு நொடித்துப்போக, நாலு வயதில் அக்கா ஆன் கையில் ஒப்படைக்கப்பட்டார். அந்த அக்கா 21 வயது மூத்தவர். அவர்தான் அம்மா, அவர்தான் டீச்சர். முறையான பள்ளிப்படிப்பு பெரிதாகக் கிடையாது. 15 வயதில் சோற்றுக்காக வரைய ஆரம்பித்தார். மருத்துவர்களுக்கு நோய்ப் படம் வரைந்தார், கடைகளுக்கு வரைந்தார்.

அப்புறம்தான் கிளிகள். 18 வயதில் லண்டன் மிருகக்காட்சிசாலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் பறவைப் படம் என்றால் சுட்டுக் கொன்று பஞ்சடைத்த பறவையைப் பார்த்து வரைவது. இவர் உயிருள்ள கிளியை ஆள் பிடித்துக்கொண்டிருக்க, அளவெடுத்து வரைந்தார். அதைத் தானே கல்லச்சில் ஏற்றினார். சிவகாசி லித்தோ காலண்டர் தெரியுமல்லவா, அதற்கெல்லாம் மூதாதை அந்தக் கல்தான். மெழுகுக் குச்சியால் கல்லின் மேல் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். ஒரு கோடு தப்பினால் சுரண்டியெடுக்கப் பட்ட பாடு போதும் என்று ஆகிவிடும். 42 தகடுகள், 175 பிரதிகள். கல்லைச் சும்மா வைத்திருக்கக் காசு இல்லாததால் அச்சடித்ததும் படத்தை அழித்துவிட்டு அதே கல்லில் அடுத்ததை வரைவார். 14 பகுதி போடத் திட்டம், 12ஓடு காசு தீர்ந்தது. 1832இல் நிறுத்தும்போது அவருக்கு வயது இருபது. இருபது!

அதில் ஒரு நீலப் பெருங்கிளி. அது தனி இனம் என்பது வரைந்தபோது யாருக்கும் தெரியாது. 1856இல் பிரித்து அவர் பெயரையே வைத்தார்கள், லியர் மக்கா. அது காட்டில் எங்கே வாழ்கிறது என்பதை 1978இல்தான் பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். காட்டில் தேடினவர்களுக்கு 146 வருடம் முன்னாலேயே இவர் இறகு இறகாக வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் மாணவர்களிடம் சொல்வேன்: கார்ட்டூன் வரைகிறவனுக்கு உடற்கூறு தெரியாது என்று நினைக்காதே. லியரின் கிறுக்கல் தாத்தாக்கள் ஒற்றைக் காலில், கையைப் பின்னால் விரித்துக்கொண்டு துள்ளுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அது மனுஷன் நிற்கிற நிலை இல்லை, பறவை பறக்க எழும்புகிற நிலை. கிளி வரைந்த கை.

சிரிப்பான் · ஞாயிறு இரவு 8.12

சார், நாங்கள் இப்போதுதான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். நிஜமாகவே எல்லாரும் இறக்கை மாதிரிதான் கையை வைத்திருக்கிறார்கள்! இத்தனை நாள் பார்த்தும் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பாட்டுகள் எப்படி ஆரம்பித்தன என்றும் சொல்லுங்களேன்.

நூலகத்தூசி · ஞாயிறு இரவு 9.05

கிளிப் படங்களைப் பார்த்து டெர்பி பிரபு குடும்பம் நோஸ்லி மாளிகைக்கு அழைத்தது. அங்கே தனி மிருகசாலையே வைத்திருந்தார்கள். 1832 முதல் ஐந்து வருடம் போல அங்கே மிருகங்களையும் பறவைகளையும் வரைந்தார். முதலில் சாப்பாடு வேலைக்காரர் பந்தியில். வீட்டுப் பேரப்பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு மேஜையைவிட்டு ஓடி ஓடிப் போகிறார்களே, எங்கே என்று விசாரித்தால், கீழே லியரிடம் கதை கேட்க. அப்புறம் அவரையே மேல் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகக் கிறுக்கினதுதான் 1846இல் ‘நான்சென்ஸ்’ புத்தகமாக வந்தது. சொந்தப் பெயர் போடவில்லை, ‘டெர்ரி டவுன் டெர்ரி’ என்று புனைபெயர். அதே வருடம் விக்டோரியா மகாராணிக்கு ஓவிய வகுப்பு எடுத்தார் என்பது உபரிச் செய்தி.

பெயர் போடாததால் ஒரு வேடிக்கை. ஒருமுறை ரயிலில் ஒரு பெரிய மனிதர், “லியர் என்று ஆளே கிடையாது, டெர்பி பிரபுதான் எழுதினார், ஆங்கிலத்தில் பிரபு (Earl) என்ற சொல்லின் எழுத்தை மாற்றிப் போட்டால் லியர் (Lear) வரும்” என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தது லியர். தொப்பியைக் கழற்றி உள்ளே எழுதியிருந்த பெயரைக் காட்டவேண்டியதாயிற்று.

இன்னொரு தப்பையும் மகள் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிமரிக் என்ற ஐந்தடிப் பாட்டைக் கண்டுபிடித்தவர் லியர் என்பார்கள். இல்லை. 1820 வாக்கிலேயே அந்த வடிவில் சிறுவர் புத்தகம் வந்துவிட்டது. லிமரிக் என்ற பெயரை அவர் பயன்படுத்தியதும் இல்லை. ஊரெல்லாம் பரப்பினவர் அவர், அவ்வளவுதான்.

மலைரயில் · ஞாயிறு இரவு 9.30

தமிழில் வருமா அது? இதோ ஒன்று:

பர்லியார்ப் பக்கம் ஒருத்தர் இருந்தார்,
பலாப்பழம் ஒன்றைத் தலைமேல் சுமந்தார்;
குரங்கு வந்து கேட்டது,
கூடை காலி ஆனது,
கொட்டையைச் சுட்டுத் தின்று மகிழ்ந்தார்.

வெலிங்டன்_வாத்தியார் · ஞாயிறு இரவு 9.52

நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, ஆனால் இது லியர் பாணி இல்லை. உங்கள் கடைசி அடியில் கதை முடிகிறது. அவர் கடைசி அடியில் பெரும்பாலும் புதிதாக ஒன்றும் நடக்காது. முதல் அடியையே கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்லுவார். ‘அப்படிப்பட்ட தாத்தா அவர்’ என்று நிறுத்திவிடுவார். நமக்குப் படி ஏறி மாடி இல்லாத மாதிரி இருக்கும். அந்த ஏமாற்றம்தான் சிரிப்பு.

மலைரயில் · ஞாயிறு இரவு 10.20

சவாலா?

லவ்டேல் ஸ்டேஷனில் தாத்தா மூக்கு
சளி பிடித்தால் சிவப்பு விளக்கு;
சிக்னல் என்று பார்த்து
ரயிலும் நின்றது காத்து,
அப்படிப்பட்டது தாத்தா மூக்கு.

வெலிங்டன்_வாத்தியார் · ஞாயிறு இரவு 10.26

பத்துக்கு எட்டு. ‘காத்து’ மூக்கில் போகிற காற்றாகவும் நிற்பதால் இன்னொரு அரை.

கோத்தகிரி_மூடுபனி · திங்கள் காலை 6.45

விடியற்காலையில் ஒரு கணக்குப் போட்டேன். யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. அதற்கு முன் 2006, 1994, 1982. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னால் போங்கள். 2018இல் 144ஐக் கழித்தால், அதாவது பன்னிரண்டு பன்னிரண்டு, 1874 வருகிறது. லியர் நம் மலைக்கு வந்த அதே வருடம். பூக்கிற காலம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. அவர் வந்ததும் அந்தப் பருவத்தை ஒட்டித்தான்!

வெலிங்டன்_வாத்தியார் · திங்கள் காலை 7.30

அருமையான கணக்கு. ஆனால் கொஞ்சம் அடக்கி வாசிப்போம். குறிஞ்சி எல்லாச் சரிவிலும் ஒரே வருடம் பூப்பதில்லை. சில பக்கம் ஒரு வருடம் முன்பின் போகும், சில பக்கம் தனிக் கணக்கு.

கோத்தகிரி_மூடுபனி · திங்கள் காலை 7.41

அது தெரியும் சார். ஆனால் பெரிய பூப்பின் வரிசை 1838 முதல் சொல்லப்படுகிறது, அதில் 1874 வரும். மலையையே நீலமாக்குகிற பூவுக்குப் பக்கத்தில், உலகத்திலேயே கிறுக்குத்தனமான தாவரவியல் எழுதினவர் வந்து நின்றார் என்று நினைத்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

(தெரியாதவர்களுக்கு: லியர் ‘நான்சென்ஸ் தாவரவியல்’ என்று படம் போட்டிருக்கிறார். ஒரு செடியில் பூவுக்குப் பதில் மனிதர்கள் தலைகீழாகத் தொங்குவார்கள். இன்னொன்றில் பன்றிக்குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கம்பீரமான லத்தீன் பெயர் மாதிரி ஒன்று வைத்திருப்பார்.)

எடப்பள்ளி_72 · திங்கள் காலை 9.10

நானும் ஒன்று சேர்க்கிறேன், இந்த முறை சண்டைக்கு இல்லை. குழந்தை படம் போடுவதானால், லியர் பார்த்த குன்னூரில் இன்று போல எங்கு பார்த்தாலும் தேயிலை வரைய வேண்டாம். தேயிலை அப்போது வந்துவிட்டது, ஆனால் காப்பிதான் பெரிது. சின்கோனா வேறு, காய்ச்சல் மருந்துக்காக 1860களில் கொண்டுவந்து நட்டார்கள். சோலைக்காடும் புல்வெளியும் இன்றைவிட நிறைய. சிம்ஸ் பார்க் தொடங்கியதும் அதே 1874தான்.

சிரிப்பான் · திங்கள் மாலை 5.20

பள்ளிவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். குறிஞ்சிக் கணக்கைத் தானே ஒருமுறை கழித்துப் பார்த்துக்கொண்டாள். மூக்குப் பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு பாட்டில் ஒரு தாத்தா அண்டங்காக்காயோடு நடனம் ஆடுகிறார். “இந்தப் பறவைக்கு இப்படி இடம் கொடுப்பது அபத்தம்” என்று அவர்கள் சொல்லி, அந்தத் தாத்தாவை நொறுக்கிவிடுகிறார்கள். “அம்மா, அவர் யாரையும் ஒண்ணும் பண்ணலையே, அவங்க ஏன் அடிக்கிறாங்க? அவங்கன்னா யாரு?”

நூலகத்தூசி · திங்கள் இரவு 7.15

பிள்ளை சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். லியரைப் படித்தவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அது.

அவர் ஐந்தடிப் பாட்டுகளில் பெரும்பாலும் இரண்டே பாத்திரம்தான். ஒரு தனி ஆள். தாடியில் பறவை கூடு கட்டினவர், மூக்கு தரையில் இழுபடுகிறவர், காக்காயோடு ஆடுகிறவர். எதிரே ‘அவர்கள்’. பெயர் கிடையாது, முகம் கிடையாது. கேள்வி கேட்பார்கள், முறைப்பார்கள், சில நேரம் கேக் கொடுப்பார்கள், சில நேரம் அடிப்பார்கள். தமிழில் அதற்குச் சொல் தேட வேண்டாம். நாலு பேர். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்கிறோமே, அந்த நாலு பேர்.

அவருக்கு அந்த நாலு பேரைப் பயப்படக் காரணம் இருந்தது. ஐந்தாறு வயதிலிருந்தே வலிப்பு நோய். அதைச் சாத்தான் என்று பெயர் வைத்து அழைத்தார். நாட்குறிப்பில் வலிப்பு வந்த நாட்களில் சின்னதாகச் சிலுவைக் குறி போடுவார். வரப்போவது முன்கூட்டியே உடம்பில் தெரியும், உடனே எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதனால் ஐம்பது வருடம் பழகின நண்பர்களுக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விருந்துகளில் பியானோ வாசித்து எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டு, ராத்திரி ஒற்றை ஆளாக அறைக்குத் திரும்பினவர்.

குழந்தைக்கு இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் என்று சொன்னால் போதும், நம் பிள்ளைகளுக்குப் புரியும்.

கேத்திக்காரி · திங்கள் இரவு 11.40

இந்தக் குழுவில் இதுவரை படித்துவிட்டுப் போகிறவள்தான். இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றியது.

என் தங்கைக்கு எட்டாவது படிக்கும்போது வலிப்பு வந்தது. பள்ளி பிரேயரில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது. யாரோ ஓடி வந்து கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இன்னொருவர் வாய்க்குள் கரண்டிக் காம்பைவிடப் பார்த்ததில் முன்பல் ஒன்று உடைந்தது. மறுநாள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாறிக்கொண்டாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் அம்மா, “வெளியே மூச்சு விடாதீங்க, நாளைக்கு ஒரு இடத்துல குடுக்க வேண்டிய பொண்ணு” என்றாள். அதற்கப்புறம் தங்கை லியர் செய்தது மாதிரியேதான் செய்தாள். கண்ணில் ஒரு மாதிரி வெளிச்சம் தெரியும், உடனே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே நாங்கள் விருந்தாளிகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருப்போம், உள்ளே சத்தம் கேட்காமல் இருக்க.

இப்போது மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நாலு வருடமாக வரவில்லை. கோவையில் வேலையில் இருக்கிறாள்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் இதை மட்டும் சொல்கிறேன். வலிப்பு வந்தால் சாவி, இரும்பு எதுவும் வேலை செய்யாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்திவிட்டு, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

சாத்தான் என்று பெயர் வைத்தாராமே. தங்கை ‘விருந்தாளி’ என்பாள்.

பட்லர்_பேரன் · செவ்வாய் காலை 6.10

அக்கா, தங்கச்சிக்கு என் வணக்கம்.

எடப்பள்ளி_72 · செவ்வாய் காலை 6.55

முதலில் நான் பேசின தோரணைக்கு வருத்தப்படுகிறேன். நானும் அந்த நாலு பேரில் ஒருத்தனாகத்தான் இழைக்குள் வந்தேன் போல.

வெலிங்டன்_வாத்தியார் · செவ்வாய் காலை 8.05

கட்டுரை இன்றைக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? படத்துக்கு ஒரு யோசனை. லியர் தன்னை நிலக்காட்சி ஓவியர் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டார். பெரிய எண்ணெய் ஓவியங்கள்தான் தன் பெயரைச் சொல்லும் என்று நம்பினார். கஞ்சன்ஜங்காவை மட்டும் மூன்று பெரிய ஓவியமாக வரைந்தார். அவை இன்றும் மதிப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் வழியில் நின்று போட்ட வரைபடங்கள்.

இடத்தில் பென்சிலால் வேகமாகக் கோடு. நிறம் பூச நேரம் இருக்காது, அதனால் படத்துக்குள்ளேயே எழுதிவிடுவார்: இங்கே இன்ன பச்சை, அங்கே மங்கல் ஊதா. எழுத்துக்கூட்டலை வேண்டுமென்றே கொச்சையாக, காதில் விழுகிற மாதிரி எழுதுவார். கீழே ஊர், தேதி, வரிசை எண், சில நேரம் மணிகூட. அப்புறம் தங்குமிடத்தில் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பென்சில் கோட்டின் மேல் மையேற்றி, லேசாக நீர்வண்ணம். ஆயிரக்கணக்கில் இப்படி. அவற்றில் பெரும்பங்கும் அவருடைய நாட்குறிப்புகளும் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் உட்காரவைத்து அதே மாதிரி ஒன்று போடச் சொல்லுங்கள். கலர் பென்சில் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சிரிப்பான் · செவ்வாய் மாலை 6.30

பள்ளியில் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்துவிட்டார்கள், பாதிப் பேர் எழுதவில்லையாம். அதனால் சாயந்திரம் சிம்ஸ் பார்க் போனோம். பெஞ்சு எல்லாம் ஈரம். என் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்தாள். கோடு போட ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், கீழேயிருந்து பனி ஏறி வந்து மரம், ஏரி, படகு எல்லாவற்றையும் மூடிவிட்டது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

வலது ஓரத்தில் ‘பழைய பாசி கலரு’. மேலே ‘யூகலிப்டஸ், பாதிதான் தெரியுது’. நடுவில் பெரிய வெற்றிடம், அதில் ‘இங்க படகு இருந்துச்சி’. கீழே ‘குன்னூர், செவ்வாய், 4.50’. ஓரத்தில் ஒரு கோடு போட்டு ‘பாற’. பாறை என்று திருத்தப் போனேன். வாத்தியார் சார் சொன்னது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

கட்டுரையின் முதல் வரி: ‘எட்வர்ட் லியர் குன்னூருக்கு வந்தார், ஆனால் பாட்டு எழுதவில்லை.’ இரண்டாவது வரியில் நேரே ஜார்ஜோ வருகிறார். பூனை வால் மூன்றாவது வரி. மகாராணிக்கு இடமே இல்லை.

மலைரயில் · செவ்வாய் மாலை 6.38

மகாராணி கிடக்கட்டும். படத்தைப் போடுங்கள் அக்கா.

சிரிப்பான் · செவ்வாய் மாலை 6.44

தாள் நனைந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் கொடியில் தொங்குகிறது. காய்ந்ததும் போடுகிறேன்.

வெலிங்டன்_வாத்தியார் · செவ்வாய் மாலை 6.51

அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், தாள் சுருண்டுவிடும். பழைய செய்தித்தாள் நடுவே வைத்து மேலே கனமாக ஏதாவது வையுங்கள்.

சிரிப்பான் · செவ்வாய் மாலை 6.53

இட்லி குண்டான் வைத்திருக்கிறேன் சார்.